சர்வர் மதர்போர்டின் ஃபர்ம்வேர் அப்டேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபர்ம்வேர் என்பது வன்பொருளின் சிப்பிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். அதை அப்டேட் செய்வது என்றதும் புதிதாக வேலைக்கு வருபவர்கள் பயப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்கு: சிப்பில் புதியதை எழுதும் வேலை, அதாவது ஃப்ளாஷ், ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால்? நியாயமான பயம்தான். ஆனால் பல வருடங்களாக சர்வர்களோடு புழங்கியதில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தச் சில நிமிடங்களில் வந்தவை அல்ல. முன்னால் குறித்து வைக்காததாலும், பின்னால் பொறுக்காததாலும் வந்தவை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, வேலையின்போது அவை எழுகிற வரிசையிலேயே இங்கே தந்திருக்கிறேன்.

ஃபர்ம்வேர் என்றால் பயாஸ் மட்டும்தானா?

இல்லை. சர்வர் போர்டில் குறைந்தது இரண்டு முக்கியமான ஃபர்ம்வேர்கள் உண்டு.

ஒன்று பயாஸ். சர்வரை எழுப்பி, ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கி வைப்பது இதுதான். இன்றைய போர்டுகளில் இருப்பது அதன் புது வடிவமான யுஇஎஃப்ஐதான், ஆனாலும் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். அது போர்டில் ஒரு சின்ன எஸ்பிஐ ஃப்ளாஷ் சிப்பில் இருக்கிறது. சிப்பின் அளவு பெரும்பாலும் 16 அல்லது 32 எம்பி. இன்டெல் போர்டுகளில் மேனேஜ்மென்ட் என்ஜினுக்கான பகுதியும் அதே சிப்புக்குள் தனியாக இருக்கும்.

இன்னொன்று பிஎம்சி. இது சர்வரைத் தூரத்திலிருந்தே கண்காணிக்கவும் இயக்கவும் போர்டுக்குள் இருக்கும் தனிக் குட்டிக் கணினி. சொந்தமாக ப்ராசஸர், மெமரி, ஃப்ளாஷ் எல்லாம் உண்டு. உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். பல போர்டுகளில் ஆஸ்பீட் நிறுவனத்தின் ஏஎஸ்டி2500 அல்லது ஏஎஸ்டி2600 சிப்பைப் பார்க்கலாம். சர்வர் அணைந்திருந்தாலும் பவர் கார்டு செருகியிருந்தால் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் இது விழித்தே இருக்கும். டெல்லில் ஐடிராக், ஹெச்பிஇயில் ஐஎல்ஓ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் என்று பெயர்கள் மாறினாலும் வேலை இதுதான்.

இவை போக சிபிஎல்டி (போர்டின் மின்சார வரிசையைக் கட்டுப்படுத்தும் சிப்), நெட்வொர்க் கார்டு, ரெய்ட் கார்டு (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்ப்பது), பவர் சப்ளை, டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஃபர்ம்வேர் உண்டு. இந்தப் பக்கத்தில் முக்கியமாகப் பேசப்போவது பயாஸ், பிஎம்சி இரண்டையும்தான்.

சர்வர் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்குக் கை வைக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். காரணம் இல்லாமல் ஃபர்ம்வேரைத் தொடக்கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் நன்றாக ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

மதர்போர்டிலிருந்து கொஞ்சம் விலகிய உதாரணம்தான், ஆனால் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2019 நவம்பரில் ஹெச்பிஇ ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. அதன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மாடல்கள், மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். டிஸ்க்கும் போகும், அதில் இருக்கும் தரவும் போகும். அந்த எண்ணைப் பார்த்ததுமே நிரல் எழுதுபவர்களுக்குப் பொறி தட்டியிருக்கும்: குறியுள்ள 16 பிட் எண்ணில் 32,767-க்கு மேல் எண்ண முடியாது. ரெய்டில் எல்லா டிஸ்க்கையும் ஒரே நாளில்தான் மாட்டியிருப்போம். அப்படியானால் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகும், ரெய்ட் இருந்தும் பயன் இல்லை. அந்த மணிக்கு முந்தைய மணிவரை அவை எல்லாம் "நன்றாக ஓடிக்கொண்டிருந்த" டிஸ்க்குகள்தான். புது ஃபர்ம்வேர் ஒன்றே தீர்வாக இருந்தது.

பிஎம்சி விஷயம் இன்னும் கவலைக்குரியது. ஐஎல்ஓ 4-இல் 2017-இல் வெளிவந்த ஓர் ஓட்டையில், வெப் கோரிக்கையின் ஒரு தலைப்பு வரியில் ஆங்கில 'ஏ' எழுத்தை 29 முறை அனுப்பினாலே போதும், கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். 2025 மார்ச்சில் ஏஎம்ஐ மெகாராக் பிஎம்சி மென்பொருளில் இன்னொரு ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. அதுவும் உள்நுழைவைத் தாண்டிப் போகும் ரகம். அந்த ஜூனிலேயே அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதல்களில் உண்மையாகவே பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. பிஎம்சியைக் கைப்பற்றியவருக்கு சர்வரின் பவர் பட்டன், திரை, விசைப்பலகை மூன்றும் கையில் இருப்பது போலத்தான். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எத்தனை பூட்டுப் போட்டாலும் அது கீழே இருந்து வரும்.

இது தவிர, புது சிபியு அல்லது புது மெமரி மாட்டப்போகிறீர்கள், மைக்ரோகோட் (சிபியுவுக்குள் ஓடும் நிரல்) திருத்தம் தேவை, காரணம் புரியாமல் மெமரிப் பிழைகள் பதிவாகின்றன என்றாலும் அப்டேட்டுக்கு நியாயம் உண்டு. பதிப்போடு வரும் மாற்றக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். உங்களுக்குச் சம்பந்தப்பட்டது ஒன்றுமே இல்லையென்றால் அந்தப் பதிப்பை விட்டுவிடலாம்.

புதுப் பதிப்பு வந்த அன்றே போட்டுவிடலாமா?

வேண்டாம். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டைகளின் செய்தி வெளிவந்ததும் எல்லோரும் அவசர அவசரமாக மைக்ரோகோட் அடங்கிய பயாஸைப் போட்டார்கள். ஜனவரி 22 அன்று இன்டெல்லே நிறுத்தச் சொன்னது. பிராட்வெல், ஹாஸ்வெல் ப்ராசஸர்கள் தாமாகவே ரீபூட் ஆகிக்கொண்டிருந்தன. அப்புறம் சர்வர் நிறுவனங்கள் தங்கள் பயாஸ் கோப்புகளைத் திரும்பப் பெற்றன.

சாதாரணப் பதிப்பு என்றால் மூன்று நான்கு வாரம் பொறுப்பது என் வழக்கம். பிஎம்சியில் கடவுச்சொல் இல்லாமல் நுழையும் ஓட்டை மாதிரியான விஷயத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டேன். அப்போதும் முக்கியமில்லாத ஒரு மெஷினில் முதலில் போட்டு ஒரு நாள் பார்ப்பேன்.

இப்போது எந்தப் பதிப்பு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

பிஎம்சியின் வெப் பக்கத்தில் நுழைந்தால் முதல் பக்கத்திலேயே இரண்டு பதிப்பு எண்ணும் இருக்கும். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை, போர்டின் பெயர், ரிவிஷன், பயாஸ் பதிப்பு, தேதி எல்லாவற்றையும் சொல்லிவிடும். பிஎம்சிக்கு ஐபிஎம்ஐடூல் கட்டளை. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் ஜன்னலைத் திறந்தால் போதும்.

சரியான கோப்பு இதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

மாடல் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. பெயரின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தாலே நெட்வொர்க் சிப் வேறு, போர்டு வேறு என்று ஆகிவிடும். ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். போர்டின் ஓரத்திலோ பிசிஐஇ ஸ்லாட்டுகளுக்கு நடுவிலோ வெள்ளை எழுத்தில் சின்னதாக அச்சடித்திருப்பார்கள். மூடியைத் திறந்து டார்ச் அடித்து, ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டியிருக்காது.

ஒருவர் தயாரித்த போர்டை இன்னொருவர் தன் பெயரில் சர்வராக விற்பதும் உண்டு. அந்த மாதிரி மெஷினில் விற்றவர் தரும் கோப்பையே போட வேண்டும். போர்டு பார்க்க ஒன்றாகவே இருந்தாலும் விசிறிக் கட்டுப்பாடும் சென்சார் பட்டியலும் வேறாக இருக்கும்.

கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இன்றைய ஹெச்பிஇ, ஹெச்பியாக இருந்தபோது, 2014 பிப்ரவரி முதல் ப்ரோலயன்ட் சர்வர்களின் சிஸ்டம் ரோம் (அதாவது பயாஸ்) கோப்புகளை வாரன்டி அல்லது சப்போர்ட் ஒப்பந்தம் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. அதற்காக யாரோ எங்கோ ஏற்றி வைத்த கோப்பை எடுத்துப் போடாதீர்கள். இறக்கியதும், கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று அறிய, தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

பல பதிப்புகள் பின்தங்கியிருக்கிறேன். நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவலாமா?

சில போர்டுகளில் தாவலாம், சிலவற்றில் கூடாது. இடையில் ஒரு பதிப்பில் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் மாற்றக் குறிப்பில் அதைச் சொல்லியிருப்பார்கள். அது கடைசிப் பதிப்பின் குறிப்பில் இல்லாமல் இடைப்பட்ட ஏதோ ஒரு பதிப்பின் குறிப்பில் இருக்கலாம். அதனால் உங்கள் பதிப்பிலிருந்து கடைசிவரை எல்லாக் குறிப்புகளையும் படியுங்கள்.

முதலில் பயாஸா, பிஎம்சியா?

தயாரிப்பாளர் வரிசை சொல்லியிருந்தால் அதுதான் வரிசை. சொல்லவில்லையென்றால் நான் பிஎம்சியை முதலில் செய்வேன். பயாஸ் அப்டேட்டே பெரும்பாலும் பிஎம்சி வழியாகத்தான் நடக்கிறது. பழைய பிஎம்சிக்குப் புது பயாஸ் கோப்பின் கையொப்பமோ வடிவமோ புரியாமல் போகலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் போடாதீர்கள். பிஎம்சி முடிந்து திரும்ப வந்து, சென்சார்கள் எல்லாம் சரியான எண் காட்டுகின்றன என்று பார்த்துவிட்டு அப்புறம் பயாஸ்.

தொடங்கும் முன் என்னவெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

முதல் வேலை, எதையும் மாற்றாமல் சர்வரை ஒருமுறை ரீபூட் செய்வது. 400 நாள் நிற்காமல் ஓடிய சர்வர் ரீபூட்டிலேயே எழாமல் போவது உண்டு: டிஸ்க் சுழலாது, பூட் கோப்பு கெட்டிருக்கும், யாரோ எப்போதோ மாற்றிய ஏதோ ஒன்று அப்போதுதான் தலைகாட்டும். முன்பே ரீபூட் செய்து பார்த்திருந்தால், அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது கோளாறு வந்தால் அது அப்டேட்டால் வந்ததுதான் என்று நிச்சயமாகத் தெரியும். இல்லையென்றால் பழி எதன்மேல் போடுவது என்று தெரியாமல் இரவு முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, பயாஸ் செட்டிங்குகள். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பிஎம்சியின் ரிமோட் கன்சோலில் (சர்வரின் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் வசதி) செய்தால் அரை மணி நேரம் ஆகும். பூட் மோட் யுஇஎஃப்ஐயா லெகசியா, பூட் வரிசை, சாட்டா மோட் (டிஸ்க்குகள் எந்த முறையில் இணைகின்றன என்பது), விர்ச்சுவலைசேஷன், எஸ்ஆர்-ஐஓவி, சீரியல் கன்சோல், மின்சாரம் போய் வந்தால் தானாக எழ வேண்டுமா என்ற செட்டிங் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். பிஎம்சியில் ஐபி முகவரி, பயனர் கணக்குகள், விஎல்ஏஎன் எண்.

என் அனுபவம் ஒன்று. ஒரு சர்வரில் எல்லாப் பக்கமும் எடுத்தேன், சாட்டா பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். அப்டேட் முடிந்ததும் பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்றது. கேபிளை மாற்றினோம், டிஸ்க்கைக் கழற்றி மாட்டினோம், ரெஸ்க்யூ டிஸ்க் போட்டுத் தேடினோம். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: ரெய்ட் மோடில் இருந்த சாட்டா, ஏஹெச்சிஐ என்ற சாதாரண மோடுக்கு மாறியிருந்தது. ஒரே ஒரு செட்டிங். அதன் ஸ்க்ரீன்ஷாட் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

டிஸ்க் குறியாக்கம் இருந்தால் அதன் மீட்புக் கீயை வேறொரு மெஷினில் வைத்திருங்கள். தரவுக்கு பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். இரண்டு பவர் சப்ளைகளும் தனித்தனி லைனில், யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். போர்டின் கையேட்டை இறக்கி, பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பில் திறந்து வையுங்கள். ஜம்பர் (போர்டில் இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய நேரத்தில் நெட்வொர்க் கிடைக்காமல் போகலாம்.

எந்த வழியில் செய்வது நல்லது?

பிஎம்சியின் வெப் பக்கம் வழியாக, சர்வரை அணைத்து வைத்துவிட்டு. இதைத்தான் நான் முதலில் சொல்வேன். காரணம், அப்போது பயாஸ் சிப்பில் எழுதுவது பிஎம்சி. நடுவில் எழுதுவது தடைபட்டாலும் பிஎம்சிக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி எழுதச் சொல்லலாம்.

யுஇஎஃப்ஐ ஷெல்லில் பென் டிரைவ் வழியாகச் செய்வது அடுத்தது. பென் டிரைவை ஃபாட்32-இல் ஃபார்மட் செய்து, கோப்புறைப் பெயரில் இடைவெளி இல்லாமல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளிருந்தே செய்யவும் தயாரிப்பாளர்கள் கருவி தருகிறார்கள். லினக்ஸில் எஃப்டபிள்யுஅப்டி என்ற பொதுக் கருவியும் உண்டு. நிறைய மெஷின்கள் இருந்தால் இது வசதி.

பிஎம்சி பக்கத்தில் வரும் 'பழையதை வைத்துக்கொள்' டிக் பெட்டிகளை என்ன செய்வது?

அவசரத்தில் படிக்காமல் தாண்டிப்போகும் இடம் இது. எஸ்எம்பயாஸ் என்பதில் சீரியல் எண், யுயுஐடி போன்ற அடையாளங்கள் இருக்கின்றன. அதை எப்போதும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லைசென்ஸும் கண்காணிப்பு மென்பொருளும் அதை நம்பி இருக்கலாம். என்விராம் என்பது உங்கள் செட்டிங்குகள். சின்ன மாற்றம் என்றால் வைத்துக்கொள்ளலாம். பெரிய தாவல் என்றால் அழியட்டும் என்று விட்டுவிட்டு, ஸ்க்ரீன்ஷாட் பார்த்துக் கையால் போடுவதே எனக்கு நிம்மதி. பழைய செட்டிங்கும் புது பயாஸும் ஒத்துப்போகாமல் வரும் கோளாறுகள் விசித்திரமாக இருக்கும், சீக்கிரம் பிடிபடாது.

பிஎம்சி அப்டேட்டில் வரும் 'கான்ஃபிகரேஷன்' பெட்டியில் டிக் எடுத்துவிட்டால் ஐபி முகவரியும் போய்விடும். தூரத்தில் இருந்து செய்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

ஃப்ளாஷ் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது? மின்சாரம் போனால் போர்டு செத்துவிடுமா?

ஃப்ளாஷ் சிப்பில் பழையதன்மேல் அப்படியே எழுத முடியாது. 4 கேபி, 64 கேபி என்று துண்டு துண்டாக முதலில் அழிக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும், பிறகு திரும்பப் படித்துச் சரிபார்க்க வேண்டும். திரையில் அழித்தல், எழுதுதல், சரிபார்த்தல் என்று மூன்று சதவீதக் கணக்கு ஓடுவது அதனால்தான். சிபியு எழுந்ததும் முதன்முதலில் படிக்கும் பகுதி அழிந்து, புதியது எழுதப்படாத நேரத்தில் மின்சாரம் போனால் போர்டு தானாக எழ முடியாது. ஆனால் இப்போதைய சர்வர் போர்டுகள் பலவற்றில் பயாஸின் இரண்டாம் பிரதி இருக்கிறது, அல்லது பிஎம்சி வழியாக மறுபடி எழுத வழி இருக்கிறது. அதனால் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

அப்டேட் முடிந்தது. திரை கறுப்பாகவே இருக்கிறது. எவ்வளவு நேரம் பொறுப்பது?

குறைந்தது 15 நிமிடம். மெமரி நிறைய இருந்தால் அதற்கு மேலும்.

புது பயாஸ் முதல் முறை எழும்போது மெமரியை மறுபடி முதலிலிருந்து பழக்குகிறது. ஒவ்வொரு மெமரி அட்டைக்கும் (டிம்), ஒவ்வொரு சேனலுக்கும் சிக்னல் எந்த நேரத்தில் எந்த வோல்டேஜில் சரியாக வருகிறது என்று அளந்து வைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் சேமித்து வைத்த அளவைப் பயன்படுத்துவதால் சீக்கிரம் எழுந்துவிடும். அப்டேட்டில் அந்தச் சேமிப்பு போய்விடுகிறது. டிடிஆர்5 போர்டுகளில் இந்த நேரம் இன்னும் அதிகம். இது நடந்து முடியும்வரை திரைக்கு ஒன்றும் வராது. நடுவில் தானாக ஒன்றிரண்டு முறை ரீபூட் ஆவதும் இயல்பே.

ஒருமுறை 1 டிபி மெமரி உள்ள டேட்டாபேஸ் சர்வர். பயாஸ் ஏறியது, ரீபூட் ஆனது, ரிமோட் கன்சோலில் 'சிக்னல் இல்லை'. நான்காவது நிமிடத்தில் கூட இருந்தவர் பவர் கார்டில் கை வைத்துவிட்டார். போர்டின் மூலையில் இரண்டு இலக்கச் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும், சர்வர் எழும்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டுவதற்காக. "சார், அந்த எண்ணைப் பாருங்க, மாறுது" என்றேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறியது. இருவரும் ஒரு காகிதத்தில் நேரத்தையும் எண்ணையும் எழுதிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ஆறாவது நிமிடத்தில் விசிறி நின்று மறுபடி சுற்றியது; இருவருக்கும் மூச்சே நின்றுவிட்டது. பதினோராவது நிமிடத்தில் லோகோ வந்தது. நான்காவது நிமிடத்தில் கார்டைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு இரவும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் பார்க்க வேண்டியது திரையை அல்ல, அந்த விளக்கை. அது இல்லாத போர்டில் பிஎம்சி பக்கத்திலேயே அந்த எண், அதாவது போஸ்ட் கோட், தெரியும். எண் மாறிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. ஒரே எண் 20 நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றால் கையேட்டில் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பாருங்கள்.

பிஎம்சி அப்டேட்டில் விசிறிகள் எல்லாம் முழு வேகத்தில் கத்துகின்றன. ஏதாவது ஆகிவிட்டதா?

ஒன்றும் ஆகவில்லை. விசிறி வேகத்தைப் பார்த்துக்கொள்வது பிஎம்சி. அது தன்னையே திருத்தி எழுதும் நேரத்தில் கட்டளை தர ஆள் இல்லாததால், பாதுகாப்புக்காக விசிறிகள் முழு வேகத்துக்குப் போய்விடும். வெப் பக்கமும் துண்டிக்கப்படும். ஐந்து பத்து நிமிடம் கழித்து சத்தம் தணிந்து, போர்டில் பிஎம்சியின் பச்சை விளக்கு சீராக மினுக்கத் தொடங்கும். அதுவரை கார்டைப் பிடுங்கக் கூடாது. பிரவுசரில் பழைய பக்கம் சேமிப்பில் இருந்து கோணல்மாணலாகத் தெரிந்தால் கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள்.

சர்வர் எழுந்துவிட்டது, ஓஎஸ் பூட் ஆகவில்லை.

பத்தில் ஒன்பது முறை செட்டிங்தான். பூட் மோட், சாட்டா மோட், செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள பூட் கோப்பை மட்டும் அனுமதிப்பது), பூட் வரிசை என்ற இந்த நான்கையும் ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒப்பிடுங்கள். யுஇஎஃப்ஐ பூட் பட்டியலில் உங்கள் ஓஎஸ் பெயரே காணவில்லையென்றால், என்விராம் அழிந்தபோது அந்தப் பதிவும் போயிருக்கும். பயாஸிலேயே பூட் கோப்பைக் காட்டிப் புதிதாகச் சேர்க்கலாம்.

விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புக் கீயைக் கேட்கிறது.

டிஸ்க் கீயைக் காக்கும் டிபிஎம் சிப், பயாஸ் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டது. அதன் வேலையே அதுதான். கீயைக் கொடுத்தால் உள்ளே போகலாம். அடுத்த முறை அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். லினக்ஸிலும் டிஸ்க் கீயை டிபிஎம்மோடு கட்டி வைத்திருந்தால் இதே கதைதான்.

பிஎம்சி வந்துவிட்டது, ஆனால் கடவுச்சொல்லை ஏற்கவில்லை.

கணக்குகள் தொடக்க நிலைக்குப் போயிருக்கலாம். முன்பு எல்லா மெஷினுக்கும் ஒரே தொடக்கக் கடவுச்சொல் இருக்கும். 2020 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் தனிக் கடவுச்சொல்லை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டுவது பரவலாகிவிட்டது. போர்டிலோ, முன்பக்கம் இழுத்தால் வரும் அட்டையிலோ பாருங்கள். ஸ்டிக்கரும் இல்லையென்றால், ஓஎஸ்ஸுக்குள் ரூட் அனுமதியோடு ஐபிஎம்ஐடூல் வழியாகப் புதிய கடவுச்சொல் வைக்கலாம்.

பிடிக்கவில்லையென்றால் பழைய பதிப்புக்குத் திரும்பலாமா?

எப்போதும் முடியாது. பாதுகாப்பு ஓட்டையை அடைத்த பதிப்புக்குப் பிறகு கீழே இறங்க விடாமல் பூட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இது மாற்றக் குறிப்பில் இருக்கும். திரும்ப முடியும் என்றாலும் பழைய கோப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து அதை நீக்கிவிடலாம்.

போர்டு எழவே இல்லை. இனி என்ன?

இரண்டு பவர் கார்டையும் பிடுங்கி, இரண்டு நிமிடம் விட்டு, கையேட்டில் சொன்னபடி சிமாஸை (பேட்டரியில் நிற்கும் பயாஸ் செட்டிங் நினைவகம்) அழியுங்கள். கார்டு செருகியிருக்கும்போது இதைச் செய்யக்கூடாது. சிஆர்2032 பேட்டரி பல வருடம் பழையது என்றால் அப்படியே மாற்றிவிடுங்கள். பிறகு ஒரே சிபியு, ஒரே டிம், கார்டுகள் எதுவும் இல்லாமல் போட்டுப் பாருங்கள். போஸ்ட் கோட் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிஎம்சி உயிரோடு இருந்தால் அங்கிருந்தே பயாஸை மறுபடி எழுதுங்கள். பெரும்பாலான கதைகள் இங்கேயே சுபமாக முடிந்துவிடும்.

பிஎம்சியும் இல்லையென்றால் மீட்பு ஜம்பர் அல்லது மீட்பு விசை. ஃபாட்32 பென் டிரைவில், கையேடு சொல்லும் அதே பெயரில் பயாஸ் கோப்பை வைத்து, சூப்பர்மைக்ரோ போர்டுகளில் சொல்வது போல கன்ட்ரோல், ஹோம் இரண்டையும் சேர்த்து அழுத்தியபடி எழுப்ப வேண்டியிருக்கும். கோப்பின் பெயர் ஓர் எழுத்து தவறினாலும் போர்டு அதைக் கண்டுகொள்ளாது.

அதுவும் பலிக்கவில்லையென்றால் வெளியிலிருந்து சிப்பில் எழுதுவது. சிஹெச்341ஏ ப்ரோகிராமர், சிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப், ஃப்ளாஷ்ராம் என்ற திறமூல மென்பொருள். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் சில கறுப்பு சிஹெச்341ஏ கருவிகள் டேட்டா கால்களில் 5 வோல்ட் விடுகின்றன, 1.8 வோல்ட் சிப் அதைத் தாங்காது. இரண்டாவது, எழுதும் முன் இருப்பதைப் படித்துச் சேமியுங்கள். இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை. படித்துச் சேமித்த அந்தக் கோப்பில்தான் உங்கள் போர்டின் சீரியல் எண்ணும், சிலவற்றில் நெட்வொர்க் மேக் முகவரியும் இருக்கின்றன. இன்னொருவரின் போர்டிலிருந்து எடுத்த கோப்பை அப்படியே போட்டால் இரண்டு போர்டுகள் ஒரே அடையாளத்தோடு அலையும்.

வாரன்டி இருந்தால் கிளிப்பைத் தொடாமல் தயாரிப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

புது சிபியு மாட்டப்போகிறேன். அப்டேட் எப்போது?

பழைய சிபியு மாட்டியிருக்கும்போதே. புதியதை மாட்டியபின் அதை அடையாளம் தெரியாத பயாஸ் எழவே எழாது. போர்டு ரிவிஷனையும் பாருங்கள். 2017-இல் வந்த முதல் தலைமுறை ஏஎம்டி எபிக்கும், 2019-இல் வந்த இரண்டாம் தலைமுறையும் ஒரே எஸ்பி3 சாக்கெட்தான். ஆனால் முதல் தலைமுறைக்காக வந்த சில போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பி. புதியதற்கான பயாஸ் 32 எம்பி. சாக்கெட்டில் சிபியு கச்சிதமாக உட்காரும், பயாஸுக்குத்தான் இடம் இருக்காது.

இருபது முப்பது சர்வர்கள் இருக்கின்றன.

ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மீதி. ஒவ்வொன்றிலும் விர்ச்சுவல் மெஷின்களை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுச் செய்யுங்கள். புது மைக்ரோகோட் சில சமயம் சிபியுவின் ஒரு வசதியையே அணைத்துவிடும். டிஎஸ்எக்ஸ் வசதியை இன்டெல் 2021-இல் பல ப்ராசஸர்களில் அப்படி அணைத்தது. பாதி சர்வர் புதிது, பாதி பழையது என்று நிற்கும்போது ஓடும் மெஷின்களை இடம் மாற்ற முடியாமல் போவது இதனால்தான். எல்லாவற்றுக்கும் ரெட்ஃபிஷ் என்ற பிஎம்சி இடைமுகம் இருந்தால் ஒரு ஸ்கிரிப்டில் பதிப்பு எண்களைத் திரட்டி ஒரே பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

செக்யூர் பூட் சான்றிதழ்கள் காலாவதி ஆவதற்கும் பயாஸ் அப்டேட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழ்களுக்கு 2026 ஜூனிலிருந்து கெடு முடிகிறது. 2023 சான்றிதழ்கள் பல போர்டுகளுக்குப் புது பயாஸோடு வருகின்றன. செக்யூர் பூட் பயன்படுத்துபவர்கள் மாற்றக் குறிப்பில் இதைத் தேடிப் பாருங்கள்.

பழைய சர்வர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பதிப்பு எண் புதிதாகத்தான் இருக்கிறது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். அதே பதிப்பாக இருந்தாலும் பயாஸ், பிஎம்சி இரண்டையும் தயாரிப்பாளரின் கோப்பிலிருந்து மறுபடி எழுதுங்கள், பிஎம்சியைத் தொடக்க நிலைக்குக் கொண்டு வாருங்கள். 2021 டிசம்பரில் வெளிவந்த ஐஎல்ஓப்ளீட் என்ற தீநிரல் ஐஎல்ஓவுக்குள்ளேயே குடியிருந்தது. அப்டேட் போட்டால் போட்டது போலவே நடித்துப் புது எண்ணைக் காட்டும். உள்ளே எதுவும் மாறியிருக்காது. அதைக் காட்டிக்கொடுத்த தடயங்களில் ஒன்று, பதிப்பு எண் புதிதாக இருந்தும் உள்நுழைவுப் பக்கத்தின் தோற்றம் பழைய பதிப்பினுடையதாக இருந்தது. எழுதி முடித்ததும் உள்நுழைவுப் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.